இருபது விநாடி முகம்

அந்த மருத்துவமனையில் முகத்தைக் காட்டுவதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. திரைப் பிரிவு என்று பெயர். தொற்று வார்டுக்குள் சொந்தக்காரர்கள் கால் வைக்கக் கூடாது என்பதால், கீழ்த்தளத்தில் ஒரு கூடத்தை ஒதுக்கி, கட்டிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். சாயங்காலம் வந்து, உங்கள் ஆளுடைய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மைக்கில் பேசலாம். பேசுவது அங்கே தலைமாட்டு ஸ்பீக்கரில் கேட்கும். அவர்கள் பேசுவது இங்கே கேட்காது. பாதிப் பேர் மூக்கிலும் வாயிலும் குழாயோடு கிடப்பதால் அந்தச் செலவு வீண் என்று மேலிடத்தில் யோசித்து முடிவு செய்திருந்தார்கள். யோசிக்கிற விஷயத்தில் மேலிடத்தைக் குறை சொல்லவே முடியாது.

ரயில்வே கேட்டுக்காரர் ஒருவர் தன் மனைவியைப் பார்க்க அங்கே வந்து, நாலாம் நம்பர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். திரையில் ஒரு போர்வை தெரிந்தது. போர்வைக்குள் இரண்டு முழங்கால்கள் மேடு தட்டியிருந்தன. கட்டிலின் கால்மாட்டுக் கம்பி, அதில் தொங்கிய அட்டை, ஜன்னலோரம் ஒரு வாளி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. கழுத்துக்கு மேலே மட்டும் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் திரை முடிந்துபோயிருந்தது.

மனிதர் எழுந்து நின்று பார்த்தார். பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தார். திரையின் விளிம்புக்கு அந்தப் பக்கம் இருப்பதைத் திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் போய்ப் பார்த்தார். பின்னால் ஒயர்தான் இருந்தது.

அவருக்கு அந்த முகம் வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் மனைவி வாயால் பேசுகிறவள் இல்லை, முகத்தால் பேசுகிறவள். ஒரு புருவம் மேலே போனால் ‘நீங்கள் சொல்வதை நம்பவில்லை’ என்று அர்த்தம். உதட்டைச் சுழித்தால் ‘சரி, ஒழியட்டும், மன்னித்துவிட்டேன்’ என்று அர்த்தம். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த இரண்டையும் படித்தே அவர் காலத்தை ஓட்டியிருந்தார். அன்றைக்குக் காலையில் மூச்சு முட்டுகிறது என்று அவள் போன் செய்தபோது, அவர் கேட்டில் நின்றிருந்தார். மாற்று ஆள் வரவில்லை. மாற்று ஆள் வராமல் அவர் இடத்தை விட்டு நகர மாட்டார், உத்தரவு வராமல் கேட்டைத் தூக்க மாட்டார். “உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு அந்த சிக்னல் கம்பத்தைக் கட்டியிருந்தா, அதாவது எப்பவாவது தானா கை இறக்கியிருக்கும்” என்று அவள் சொல்லாத நாளில்லை. அவள் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் தனியாகவே போய்ச் சேர்ந்தாள். இவர் மூச்சிரைக்க ஓடி வந்தபோது வார்டுக் கதவு சாத்தியிருந்தது.

அவள் கோபமாக இருக்கிறாளா இல்லையா, அது ஒன்று தெரிந்தால் போதும் அவருக்கு.

“என்னம்மா,” என்று மைக்கில் ஆரம்பித்தார். “கோபமா?”

முழங்கால்கள் பதில் சொல்லவில்லை.

குறைதீர் ஜன்னலில் இருந்தவர் அவரை மரியாதையாகவே நடத்தினார்.

“படம் வருதா?”

“வருதுங்க.”

“அசையுதா?”

“எப்பவாவது முழங்கால் அசையுது.”

“அப்ப நேரலைதான். இதுல என்ன குறை?”

“மூஞ்சி தெரியலைங்க.”

ஜன்னல்காரர் பேனாவை மூடி வைத்தார். “இதுக்கு முன்னாடி இதே திரையில பாத்தவங்க யாரும் இப்படி ஒரு குறை சொல்லலையே. உங்களுக்கு மட்டும் எப்படி?”

கேட்டுக்காரருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இருந்தாலும் நகராமல் நின்றார். நிற்பதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. கடைசியில் டெக்னீஷியனை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

டெக்னீஷியன் ஒரு அம்மாள். நரைத்த பின்னல், தோளில் சாப்பாட்டுப் பை, பைக்குள் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு மவுஸ். கூடத்துக் கம்ப்யூட்டர் எதிலும் மவுஸ் கிடையாது. கைக்கு எட்டினால் ஜனங்கள் எதையாவது மாற்றிவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிட்டு, பிரிவுக்கே ஒன்றை மட்டும் விட்டிருந்தார்கள். அதைச் சுமப்பதால் அந்த அம்மாளுக்குக் கூடத்தில் மவுஸ் அக்கா என்று பெயர்.

“முன்னாடி இந்தக் கட்டில்ல ஒரு குழந்தை இருந்துச்சுண்ணே,” என்றாள், ஒயரைச் செருகிக்கொண்டே. “கட்டில் நடுவுல படுத்திருந்தது. முழுசாத் தெரிஞ்சுது. அதனால யாரும் கேக்கல.”

“குழந்தைக்கு சரியாப் போச்சா?”

மவுஸ் அக்கா ஒயரை இன்னொரு தடவை அழுத்திச் செருகினாள். பிறகு திரையில் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்தாள். “இங்க பாருங்க. கேமரா அனுப்பற படம் அகலம். திரையோட ரெசல்யூஷனை, அதான் படத்தோட அளவை, குறுக்கி வச்சிருக்காங்க. மிச்சப் படம் வெளிய வழிஞ்சு போயிடுது. வழிஞ்ச பக்கத்துலதான் தலையணை. இதை மாத்தினா வந்துரும்.”

மாற்றினாள். திரை கறுத்தது. கறுத்துத் திரும்பி வந்தபோது கட்டில் முழுசாக இருந்தது, தலையணை இருந்தது, தலையணையில் அவர் மனைவி இருந்தாள். கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாய் இருந்தது. முடியை யாரோ வாரி இரண்டாகப் பின்னிவிட்டிருந்தார்கள். கன்னம் உள்ளே போயிருந்தது. திரைக்கு நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து, இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா, பழையபடி ஆக்கவா, பதில் சொல்லாவிட்டால் இருபது விநாடியில் நானே பழையபடி ஆக்கிவிடுவேன் என்றது. கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. மவுஸ் அக்கா மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா, அது என்னமோ கேக்குதே.”

“கேக்கும். அதுக்கு பதில் சொல்ற அதிகாரம் எனக்கு இல்லண்ணே. மாத்தறது மட்டும்தான் என் வேலை. ‘வைத்துக்கொள்’ பொத்தானை அழுத்தணும்னா, திரைக்குன்னே இருக்கற தெளிவுக் குழு அனுமதி குடுக்கணும்.”

“வாங்கிட்டு வந்துரலாமே.”

“குழு அஞ்சாவது மாடி,” என்றாள். திரை கறுத்தது. போர்வையும் முழங்காலும் திரும்பி வந்தன.

அந்த இருபது விநாடி, அந்தக் கம்ப்யூட்டரைச் செய்தவர்கள் மனிதர்கள் மேல் உள்ள கரிசனத்தில் வைத்தது. மாற்றியதில் திரையே தெரியாமல் போய்விட்டால், பாவம், எந்தப் பொத்தானை எப்படித் தேடி அழுத்துவார்கள் என்று யோசித்திருக்கிறார்கள். அதே இருபது விநாடிக்குள் ஒரு குழு கூட வேண்டியிருக்கும் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மவுஸ் அக்கா கூடத்துப் போனிலிருந்து குழுவைக் கூப்பிட்டுவிட்டு மாற்றிப் பார்த்தாள். மேலே போனை எடுத்தவர், பேசுவது யார், எந்தத் திரை, எந்தக் கட்டில் என்று விசாரித்து முடிப்பதற்குள் போர்வை வந்துவிட்டது. “மாற்றம் இருக்கா?” என்று கேட்டார் மேலே இருந்தவர். “இப்ப இல்லைங்க.” “இல்லாததை எப்படிம்மா அங்கீகரிக்கிறது?” என்று போனை வைத்துவிட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கட்டடத்தில் எல்லோர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம்.

அதற்கடுத்து குழுவின் செயலரே நேரில் இறங்கி வந்தார். திரைக்கு முன்னால் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்து, “போடுங்க” என்றார். முகம் வந்தது. செயலர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார். ஒரு பக்கம் துடைத்தார். ஊதினார். மறுபக்கம் துடைத்தார். மாட்டிக்கொண்டு பார்த்தபோது முழங்கால்தான் இருந்தது. அவர் முகத்தில் ஒரு ஞானம் வந்தது.

“பாத்தீங்களா? தானாவே பழைய நிலைக்குப் போயிடுச்சு. கம்ப்யூட்டருக்கே இந்த மாற்றத்துல சம்மதமில்ல. நாம எப்படி அதைக் கட்டாயப்படுத்தறது?”

இதனால் கேட்டுக்காரருக்கு ஒரு லாபமும் இருந்தது. ஒவ்வொரு குறைக்கும் ஒரு சோதனை, ஒவ்வொரு சோதனைக்கும் இருபது விநாடி முகம். ஒரு நாளைக்கு ஒரு குறைதான் சொல்லலாம் என்று விதி. அவர் நாள் தவறாமல் ஜன்னலுக்குப் போய்க் குறை சொன்னார். மவுஸ் அக்கா நாள் தவறாமல் வந்து மாற்றினாள். ஒரு நாள் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கண் திறந்திருந்தது, ஆனால் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சரியாக அந்த நேரம் பார்த்து சிஸ்டர் வந்து குறுக்கே நின்று ஊசி போட்டாள், இருபது விநாடியும் சிஸ்டரின் முதுகாகவே போனது. மிச்ச நேரமெல்லாம் அவர் போர்வையோடுதான் பேசினார். மாற்று ஆள் வரலம்மா, சரக்கு வண்டி ஒண்ணு வர வேண்டியிருந்துச்சு, விட்டுட்டு வந்திருந்தா யாராவது அடிபட்டிருப்பாங்கம்மா என்று முழங்கால்களிடம் திரும்பத் திரும்ப விளக்கினார். பக்கத்துத் திரைக்காரர்கள் காதில் விழாதது போல் இருந்தார்கள்.

குழு சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டருக்குச் சம்மதமில்லாததால் வேறு வழியை ஆராய்ந்தது. செயலர் ஒரு டேப்போடு திரும்பி வந்தார்.

“உங்க மனைவி என்ன உயரம்?”

“என் காது வரைக்கும் வருவா.”

செயலர் இவருடைய காதை அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். “அதான் பிரச்சனை. திரை சராசரி நோயாளிக்கு அமைச்சது. உங்க வீட்டம்மா சராசரிக்கு மேல. திரையில தப்பில்ல.” திரையை நோயாளிக்கு ஏற்ப மாற்றுவதைவிட நோயாளியைத் திரைக்கு ஏற்ப அமைப்பதே முறை என்றும், எனவே அவளைக் கட்டிலில் ஒரு முழம் கீழே இழுத்துப் போடலாம் என்றும் குழு பரிந்துரைத்தது. சேதி வார்டுக்குப் போன வேகத்தில் சிஸ்டர் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

“இழுத்தா ஆக்சிஜன் குழாய் எட்டாது. அந்தம்மாவுக்கு மூச்சு நின்னுடும். உங்களுக்குத் திரையில ஆள் சரியா இருக்கணும்னா உங்க குழுத் தலைவரைக் கொண்டாந்து படுக்க வைங்க, அவர் அளவாத்தான் இருப்பார்.”

வார்டு ஒத்துழைக்கவில்லை என்று செயலர் குறித்துக்கொண்டார்.

கடைசியில் கேட்டுக்காரரையே குழுவின் முன்னால் வரச் சொன்னார்கள். அவர் வேலைக்குப் போடுகிற சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். ஐந்தாவது மாடி அறையில் ஒரு சுவர் முழுக்கத் திரை. அதில் ஒரு மலையும் ஒரு ஏரியும் துல்லியமாகத் தெரிந்தன, ஏரியில் மிதந்த இலையின் நரம்பைக் கூட எண்ணலாம். அந்த மலையடிவாரத்தில் உட்கார்ந்து தலைவர் பேசினார்.

“முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க. நாம இப்ப கம்ப்யூட்டரையெல்லாம் லினக்ஸுக்கு மாத்திட்டோம். இது சுதந்திர மென்பொருள். இதுல யார் வேணா எதை வேணா மாத்தலாம். எவ்வளவு பெரிய சுதந்திரம்! அதை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியுமா? அதனாலதான் யாரும் எதையும் மாத்தக் கூடாதுன்னு முதல் வேலையா விதி போட்டோம். முன்னாடி இருந்த கம்ப்யூட்டர்ல இந்த விதியே தேவைப்படல, அதுல எதையும் மாத்த முடியாது. இப்ப விதியை வச்சு அதே நிலைமையைக் கொண்டுவந்திருக்கோம். இது சின்னச் சாதனை இல்ல.”

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

“உங்க திரையை போட்டோ எடுத்து வரவழைச்சுப் பாத்தேன். நான் பொய் சொல்ல மாட்டேன், போர்வையில இருக்கற நூல் கூடத் தெரியுது. இதை விடத் தெளிவு என்ன வேணும் உங்களுக்கு?”

“மூஞ்சிங்க,” என்றார் கேட்டுக்காரர். “அவ மூஞ்சி. கோபமா இருக்காளான்னு தெரியணும். அவ்வளவுதான். நூலெல்லாம் வேண்டாங்க.”

தலைவர் கனிவோடு சிரித்தார். “கோபம் எங்க வரம்புல வராது. முகம் வரும். அதைப் பரிசீலிக்கறோம்.”

அவர் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். பரிசீலிக்கிறோம் என்ற சொல்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர் போல நடந்தார். அந்த நடையைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் சிஸ்டர் அவருக்குப் போன் செய்தாள். “அண்ணே, சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே வந்து பேசிடுங்க.” அவள் குரலிலேயே எல்லாம் இருந்தது. இந்தத் தடவை மாற்று ஆள் பக்கத்தில் இருந்தான். கேட்டுக்காரர் ஓடினார்.

மவுஸ் அக்கா ஏற்கனவே நாலாம் நம்பரில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு டப்பா திறந்தபடி கிடந்தது. அவர் வந்ததும் மாற்றினாள். முகம் வந்தது. கண் திறந்திருந்தது.

“அம்மா, நான்தான். வந்துட்டேன்.”

கண்கள் மெல்லக் கேமரா பக்கம் திரும்பின. திரும்பி முடிப்பதற்குள் திரை கறுத்துப் போர்வை வந்தது. மவுஸ் அக்கா மறுபடி மாற்றினாள். ஒரு நாளைக்கு ஒன்று என்ற விதியை அவள் அன்றைக்குத் தூக்கி எறிந்துவிட்டாள். மாற்றினாள், போனது. மாற்றினாள், போனது. முகம், முழங்கால், முகம், முழங்கால். நடுவில் அந்தக் கறுப்பு வேறு ஒவ்வொரு தடவையும் கொஞ்சத்தைத் தின்றது. அவள் மவுசைப் பொத்தானுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“அண்ணே, நான் அழுத்திடறேன்.”

“உங்களுக்கு ஏதும் ஆகாதா?”

“எனக்கு முன்னாடி ஒருத்தர் அழுத்தினார். வேலையை விட்டே அனுப்பிட்டாங்க. பரவால்ல.”

“வீட்டுல யார் யாரும்மா இருக்காங்க?”

“ரெண்டு பொண்ணு.”

“வேண்டாம்மா,” என்றார் கேட்டுக்காரர். அந்த நேரத்திலும் அப்படித்தான் சொன்னார். “பரிசீலிக்கறோம்னு சொல்லியிருக்காங்க. நீங்க மாத்திக்கிட்டே இருங்க, போதும்.”

அவள் மாற்றினாள். முகம் வந்தது. இப்போது மனைவி நேராக அவரையே பார்த்தாள். அவளுக்கு அங்கே வெறும் கேமராதான், இருந்தாலும் அவரையேதான் பார்த்தாள்.

“கோபமாம்மா?”

அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. மேலே புருவத்தில் ஆரம்பித்ததா, கீழே உதட்டில் ஆரம்பித்ததா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. மவுஸ் அக்கா அடித்துப் பிடித்து மாற்றினாள். முகம் திரும்பி வந்தபோது அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. சிஸ்டர் வந்து கண்களை மூடிவிட்டாள். அதற்கும் இருபது விநாடிதான் கிடைத்தது.

அவளுடைய காரியமெல்லாம் முடிந்த பிறகு குழுவின் அனுமதி வந்தது. தாமதமானாலும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற இடம் அது. குறையைச் சொன்னவர் முன்னிலையில்தான் குறையைத் தீர்க்க வேண்டும் என்று விதி இருந்ததால், ஆள் அனுப்பிக் கேட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் போகிறவர் அவர், போனார். கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தலைவரும் செயலரும் போட்டோக்காரரும் வந்திருந்தார்கள். நாலாம் நம்பர் திரைக்கு முன்னால் யாரோ ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கட்டிலுக்கு அவளுடைய அப்பா வந்திருந்தார். திரையில் வேறு போர்வை, வேறு முழங்கால்கள்.

“அப்பா, சாப்பிட்டியா? தலையாட்டுப்பா. ஆட்டினியா?” என்று அவள் போர்வையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“போடுங்க,” என்றார் தலைவர். மவுஸ் அக்கா போட்டாள். பஞ்சு போன்ற தாடியோடு ஒரு கிழவரின் முகம் வந்தது. அந்தப் பெண் ‘அப்பா’ என்று கத்திவிட்டாள். பெட்டி வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டது. தலைவர் பொத்தானை அழுத்த முன்னால் வந்தார். வந்தவர் போட்டோக்காரரைப் பார்த்தார். “அழுத்தறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை. தெளிவுங்கறது என்ன? தெளிவுங்கறது ஒரு கூட்டு முயற்சி...”

முகம் போய்விட்டது.

“திரும்பப் போடுங்க,” என்றார் தலைவர் தாராளமாக. முகம் வந்தது. செயலருக்குத் தன் பங்குக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். முகம் போய்விட்டது.

“ஐயோ, போயிடுச்சே,” என்றாள் அந்தப் பெண், யாரிடம் என்றில்லாமல். “இப்பதான் என்னைப் பாத்து என்னமோ சொல்ல வந்தாரு.”

மூன்றாவது முறை முகம் வந்தது. தலைவர் போட்டோவுக்குத் தலையை வாரிக்கொண்டார். கேட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. மவுஸ் அக்காவின் கைக்குப் பக்கத்தில் கையை நீட்டி, மவுசை எடுத்து, ‘வைத்துக்கொள்’ என்ற பொத்தானில் கொண்டுபோய் ஒரு தட்டுத் தட்டினார்.

பெட்டி மறைந்தது. முகம் இருந்தது. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரை கறுக்கவில்லை. கிழவர் மகளின் குரல் வந்த பக்கம் திரும்பி, பல்லில்லாத வாயால் நிதானமாகச் சிரித்தார். அவர் அவசரப்படத் தேவையில்லை.

“யாரைக் கேட்டு அழுத்தினீங்க?” என்றார் தலைவர்.

கேட்டுக்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த மவுசைப் பார்த்தார்.

“இவ்வளவுதானாம்மா?”

மவுஸ் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். “இவ்வளவுதாண்ணே.”

“பக்கத்துலயே இருந்துச்சே,” என்றார். “நான் பக்கத்துலயேதானே உக்காந்திருந்தேன்.” அப்படியே தரையில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் அழாத மனிதர், மவுசை மடியில் வைத்துக்கொண்டு, வயது, இடம் எதையும் பார்க்காமல் வாய் விட்டு அழுதார்.

அனுமதியில்லாத ஆள் அழுத்தியதை எப்படி எழுதுவது என்று செயலர் தலைவரின் காதில் கேட்டார். தலைவர் இதற்கெல்லாம் கலங்குகிறவர் இல்லை. நான் அழுத்தியதாகவே எழுதுங்கள் என்றார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“குறையைச் சொன்னவர் ஆனந்தக் கண்ணீர் விட்டார்னு அதுக்குக் கீழயே சேத்துக்குங்க.”

செயலர் சேர்த்துக்கொண்டார். போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார்.